பூட்டைத் திறப்பவருக்கு உரிமம் வேண்டாமா?

“வணக்கம். பூட்டு வேலை கற்றுக்கொண்டு பகுதிநேரமாகத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? எங்கே விண்ணப்பிப்பது?”

27 வயது வாசகர் ஒருவர் இப்படி எழுதிக் கேட்டிருக்கிறார். வார நாள்களில் கிடங்கில் வேலை. சனி, ஞாயிறில் தெரிந்த ஒருவருக்கு உதவியாக மின்னிலக்கப் பூட்டு பொருத்தப் போனதில், அந்த வேலை பிடித்துப்போய்விட்டதாம். கடைசி வரியில் அம்மாவையும் சேர்த்திருந்தார்: “போலிஸ் அனுமதி இல்லாமல் ஊரார் வீட்டுக் கதவைத் திறந்தால் உன்னைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அம்மா பயப்படுகிறார்.”

மகன் கேட்டது விண்ணப்பப் படிவத்தைப் பற்றி. அம்மா கேட்டது நம் எல்லாருடைய வாசற்கதவையும் பற்றி. இரண்டுக்கும் இந்த வாரம் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மகனுக்கான பதில் சிறியது. சிங்கப்பூரில் பூட்டுத் தொழிலாளி என்பதற்கென்று தனி உரிமம் இல்லை. எழுத வேண்டிய தேர்வு இல்லை, மாட்டிக்கொள்ள வேண்டிய அட்டை இல்லை. கருவிப் பெட்டியும் கைப்பேசி எண்ணும் உள்ள யாரும் “பூட்டு திறந்து தரப்படும்” என்று விளம்பரம் செய்யலாம்.

இதைக் கேட்டதும் பலருக்கு வியப்பாக இருக்கும். ஏனென்றால், வீட்டுக்குள் வந்து வேலை செய்கிற மற்ற பலருக்கு இங்கே உரிமம் உண்டு. மின்கம்பி வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் வர வேண்டும். அதிலும் எலெக்ட்ரிஷியன், டெக்னிஷியன், என்ஜினியர் என்று மூன்று படிகள். முதல் படியில் இருப்பவர் 45 கேவிஏ மின்சுமை வரைதான் தொடலாம். எரிவாயுக் குழாய் வேலைக்கும் அதே ஆணையத்தின் உரிமம் வேண்டும். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் வேலைகளில் குறிப்பிட்ட சிலவற்றைப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர்தான் செய்ய முடியும்.

மின்சாரத்தில் தவறு நேர்ந்தால் தீப்பிடிக்கும். எரிவாயு கசிந்தால் மேல்மாடி, கீழ்மாடி எல்லாருக்கும் ஆபத்து. தண்ணீர்க் குழாயில் தவறினால் குடிநீர் கெடும். வேலை தெரியாதவர் செய்தால் அடுத்த வீட்டாருக்கும் உயிர்ச்சேதம் வரலாம் என்ற இடத்தில் சட்டம் நுழைந்து, திறமையைச் சோதித்து உரிமம் தருகிறது. பூட்டு அந்த வகையில் சேரவில்லை. வேலை தெரியாதவர் தொட்டால் பூட்டு உடையும், பணம் போகும், வெடிக்காது.

ஆனால் பூட்டு வேலையில் உள்ள ஆபத்து வேறு மாதிரி. அங்கே வேலை தெரியாதவரைவிட, வேலை நன்றாகத் தெரிந்தவரைப் பார்த்துத்தான் அம்மாக்கள் பயப்படுகிறார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்ற பயம் அது.

மற்ற ஊர்களில் எப்படி?

இந்தப் பயத்தை ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பூட்டுத் தொழிலாளியும் பாதுகாவலரும் ஒரே சட்டத்தின்கீழ் வருகிறார்கள். 1997ஆம் ஆண்டின் பாதுகாப்புத் தொழில் சட்டம் அது. உரிமம் கொடுக்கும் பிரிவு அங்கே காவல்துறையிடம் இருக்கிறது. நம் வாசகரின் அம்மா சிட்னியில் இருந்திருந்தால், அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்திருக்கும்.

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே விதி இல்லை. கலிஃபோர்னியா, டெக்சஸ், வட கரோலினா போன்ற சில மாநிலங்கள் உரிமம் கேட்கின்றன. பல மாநிலங்கள் கேட்பதில்லை. நியூயார்க் மாநிலம் கேட்காவிட்டாலும் நியூயார்க் நகரம் கேட்கிறது. வட கரோலினாவில் தேர்வும் எழுத வேண்டும்.

பிரிட்டனில் நம்மைப்போலவே அரசாங்க உரிமம் இல்லை. அங்கே மாஸ்டர் லாக்ஸ்மித்ஸ் அசோசியேஷன் என்ற தொழில்துறைச் சங்கம் தன் உறுப்பினர்களின் பின்னணியையும் வேலையையும் தானே சோதித்துச் சான்று தருகிறது. சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம்.

உரிமம் கொடுக்கும் இடங்களில் எதைச் சோதிக்கிறார்கள் என்று பார்த்தால் ஒன்று புரிகிறது. கலிஃபோர்னியாவில் விண்ணப்பிப்பவர் முதலில் கொடுக்க வேண்டியது கைரேகை. குற்றப் பின்னணி உண்டா என்று மாநில அளவிலும் தேசிய அளவிலும் பார்க்கிறார்கள். கை எவ்வளவு லாவகமானது என்பதைவிட, அது யாருடைய கை என்று தெரிந்துவைத்திருப்பதில்தான் அந்தச் சட்டத்துக்கு அக்கறை.

அதே கலிஃபோர்னியச் சட்டத்தில் இன்னொரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வீட்டையோ கடையையோ திறந்துகொடுக்கும் பூட்டுத் தொழிலாளி, தம்மை அழைத்தவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, அடையாள அட்டை அல்லது ஓட்டுநர் உரிம எண் ஆகியவற்றை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் படிவத்தை 2 ஆண்டுகளுக்குப் பத்திரப்படுத்த வேண்டும். தொழிலாளியைச் சோதிக்கிற அதே சட்டம், அவரை அழைத்தவரையும் சோதிக்கச் சொல்கிறது. கதவுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் கள்ளராக இருக்கலாம் அல்லவா?

இதனால் உரிமம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பல ஆண்டுகளாகப் பொதுமக்களை எச்சரித்துவருகிறது: இணையத்தில் உள்ளூர்க் கடை போலத் தோன்றும் சில எண்கள் எங்கேயோ இருக்கும் அழைப்பு நிலையத்துக்குப் போகின்றன. தொலைபேசியில் ஒரு சிறு தொகை சொல்கிறார்கள். வந்தவர் பூட்டைப் பார்த்ததும், “இதைத் துளைபோட்டுத்தான் திறக்க வேண்டும்” என்கிறார். முடிவில் கேட்கும் தொகை பல மடங்கு. வந்தவர் யார் என்பதை உரிமம் சொல்லலாம். அவர் எவ்வளவு கேட்பார் என்பதை அது சொல்வதில்லை.

வித்தையைப் பூட்டிவைக்க முடியுமா?

“இப்போதுதான் காணொளியிலேயே பூட்டுத் திறக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதைத் தடை செய்ய வேண்டாமா?” என்று சிலர் கேட்பதுண்டு. இது பழைய கேள்வி. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், திறக்கவே முடியாது என்று பெயர்பெற்ற சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்துகாட்டினார். பிறகு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற சவாலோடு ஒரு கடையின் கண்ணாடிச் சன்னலில் பல ஆண்டுகளாக வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டையும் திறந்தார். அதற்கு 16 நாள்களில் 51 மணி நேரம் பிடித்தது. இப்படி வெளிப்படையாகச் செய்துகாட்டினால் திருடர்கள் கற்றுக்கொள்வார்களே என்று அன்றைக்கே விவாதம் கிளம்பியது. திருடர்களுக்கு ஏற்கெனவே தெரியும், பூட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியாது என்பது மறுதரப்பின் வாதம். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் பூட்டுகள் இன்னும் மேம்பட்டன.

170 ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை அதுதான். வித்தையைப் பூட்டிவைக்க முடியாது. வித்தை தெரிந்தவர் பொறுப்போடு நடக்கும்படி செய்யத்தான் முடியும். உரிமம் இருக்கும் ஊரில் அந்தப் பொறுப்பை அரசாங்கம் ஓரளவு சுமக்கிறது. உரிமம் இல்லாத நம் ஊரில் அதை யார் சுமப்பது?

ஒரு 555 புத்தகம்

எங்கள் வட்டாரக் கடைத்தொகுதியில், காலணி தைப்பவருக்கு அடுத்த கடையில் சாவி வெட்டிக்கொடுக்கும் அங்கிள் ஒருவர் இருக்கிறார். 30 ஆண்டுகளுக்கு மேலாக இதே தொழில். வாசகரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

“லைசென்ஸா? என்கிட்ட இது இருக்கு” என்று இழுப்பறையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்துப் போட்டார். ஒரு காலத்தில் மளிகைக் கடன் எழுத நம் வீடுகளிலெல்லாம் இருந்த அதே குட்டிப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், புளோக் எண், வீட்டு எண், என்ன வேலை, எவ்வளவு பணம், என்ன ஆதாரம் பார்த்தார், அழைத்தவரின் கையெழுத்து. கலிஃபோர்னியாவில் சட்டமாகவே இருக்கிறது என்று சொன்னேன். “அங்கேயும் என்னைப்போல அடிபட்டவங்க இருக்காங்க போல” என்று சிரித்தார்.

அடிபட்ட கதையையும் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, ஓர் ஆடவர் வீட்டுப் பூட்டை மாற்ற அழைத்திருக்கிறார். அடையாள அட்டையில் அதே முகவரி. எல்லாம் சரி. அங்கிள் கருவிப் பெட்டியைத் திறந்து வேலையைத் தொடங்கும்போது கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் அழுகை. பிறகு ஒரு பெண்ணின் குரல், “திறக்காதீங்க” என்று.

“உள்ளே ஆள் இருக்கு. அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டே?” என்று அங்கிள் கேட்க, “என் வீடு, என் பணம், நீ திற” என்று அவர் சத்தம் போட்டாராம். அங்கிள் பெட்டியை மூடிக்கொண்டு கீழே இறங்கி, காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை புளோக்கின் கீழேயே நின்றிருக்கிறார்.

“கார்டில் அட்ரஸ் இருந்துச்சு. ஆனா அட்ரஸ் எல்லாத்தையும் சொல்லாது” என்றார்.

அவருக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது சட்டப்படியும் சரி. மாதர் சாசனத்தின்கீழ், குடும்ப வன்முறைக்கு ஆளானவரைக் காக்க நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு பிறப்பிக்கலாம். அதோடு, வன்முறை செய்தவர் அந்த வீட்டுக்குள்ளோ அதன் ஒரு பகுதிக்குள்ளோ வரக்கூடாது என்று விலக்கிவைக்கும் உத்தரவும் கொடுக்கலாம். வீடு அவர் பெயரிலேயே இருந்தாலும் அந்த உத்தரவு செல்லும். அதை மீறுவது குற்றம். ஆனால் அவருடைய அடையாள அட்டையில் பழைய முகவரி அப்படியேதான் இருக்கும். அட்டையை மட்டும் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டால், நீதிமன்றம் கட்டிய வேலியை ஒரு சுத்தியலும் ஒரு வளைந்த கம்பியும் தாண்டிவிடும்.

இந்தத் தொழிலில் எது பணயமாக இருக்கிறது என்று அம்மா கேட்டால், நான் சொல்லும் பதில் அந்தக் குழந்தையின் அழுகைதான். நகையும் பணமும் அதற்குப் பிறகு.

தம்பிக்குச் சில வார்த்தைகள்

பூட்டு வேலைக்குத் தனி உரிமம் இல்லை என்பதால், சட்டமே இல்லை என்று ஆகிவிடாது. தொடங்குவதற்குமுன் கவனிக்க வேண்டியவை இவை.

முதலாவது, பதிவு. தொழில் நடத்துவதென்றால் அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப் பெயரிலேயே தனிநபராகத் தொழில் செய்தால் விலக்கு உண்டு. இருந்தாலும் பதிவு செய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் தேடிப் பார்க்க ஒரு பெயர் இருக்கும். வேலை அனுமதியில் இங்கே இருக்கும் நண்பர்கள், “நானும் வார இறுதியில் வரட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அனுமதியில் உள்ள முதலாளிக்கும் அந்த வேலைக்கும் மட்டும்தான் அவர்கள் உழைக்கலாம். பகுதிநேர ஆசை அவர்களுடைய அனுமதியையே பறித்துவிடும்.

இரண்டாவது, எல்லை. பூட்டோடு நிற்காமல் அலாரம், கண்காணிப்புக் கேமரா என்று விரிவுபடுத்த நினைத்தால், 2007ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டம் ஒன்று இருக்கிறது. பாதுகாவல் அதிகாரிகள், தனியார் துப்பறிவாளர்கள், பாதுகாப்புச் சேவை வழங்குவோர் ஆகியோர் அதன்கீழ் உரிமம் பெறுகிறார்கள். முதல் வேலையை ஒப்புக்கொள்வதற்குமுன் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கதவு. வீவக வீடுகளில் சில வாசற்கதவுகள் அரை மணி நேரம் தீயைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. படிக்கட்டுக்கு அருகில் இருக்கும் வீடுகளில் இப்படி இருக்கும். அத்தகைய கதவில் இஷ்டத்துக்குத் துளைபோட்டு, அதற்கெனச் சான்று பெறாத மின்னிலக்கப் பூட்டைப் பொருத்தினால், தீ விபத்தின்போது தப்பிக்கும் வழியில் புகை பரவ இடம் கொடுத்தவர் ஆகிறீர்கள். எந்தக் கதவு என்று பார்த்த பிறகே துளைக்கும் கருவியைக் கையில் எடுங்கள்.

நான்காவது, ஆதாரம். உள்ளே போக உரிமை உள்ளவர் என்பதற்கு என்ன காட்டுவார் என்பதைத் தொலைபேசியிலேயே கேளுங்கள். முகவரி உள்ள அடையாள அட்டை. வெளிநாட்டு வாடகைதாரர் என்றால் வாடகை ஒப்பந்தம். அலுவலகம் என்றால் நிறுவனத்தின் கடிதம். அட்டை உள்ளே மாட்டிக்கொண்டது என்றால், திறந்த பிறகு காட்ட வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. வீட்டு உரிமையாளர் அழைத்து, வாடகைதாரர் வெளியே போயிருக்கும்போது பூட்டை மாற்றச் சொன்னால் நிதானியுங்கள். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது குடியிருப்பவரை நினைத்த மாத்திரத்தில் வெளியே நிறுத்திவிட முடியாது. அந்தச் சச்சரவுக்கு வேறு வழிகள் உண்டு. அதில் உங்கள் கருவிக்கு வேலை இல்லை. உரிமை இல்லாதவர் என்று தெரிந்தே திறந்துகொடுத்தால், அத்துமீறலுக்கோ திருட்டுக்கோ உடந்தை என்ற கேள்வி உங்கள்மேல் வரும். அம்மா பயந்தது இதைத்தான்.

ஐந்தாவது, குறிப்பு. அங்கிளைப்போல எழுதிவையுங்கள், ஆனால் ஒரு மாற்றத்தோடு. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்வது அவசியம் என்றாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் குறித்துவைக்கவோ அட்டையைப் படியெடுக்கவோ கூடாது என்று தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அட்டையைப் பார்த்துப் பெயரையும் முகவரியையும் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். “அட்டை பார்த்தேன், முகவரி பொருந்தியது” என்று எழுதி, நேரத்தையும் போட்டுக் கையெழுத்து வாங்கினால் போதும். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த வீட்டில் என்ன பூட்டு, யார் தனியாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியவரும். பூட்டுக்காரர் தம் வாய்க்கும் ஒரு திண்டுக்கல் பூட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாவது, விலை. 2003ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தில் நியாயமற்ற செயல்களின் பட்டியல் இருக்கிறது. சொன்ன மதிப்பீட்டைவிடக் கணிசமாக அதிகம் வாங்குவது அதில் ஒன்று. வேலைக்கு முன்பே வாடிக்கையாளர் அந்த உயர்ந்த விலைக்கு வெளிப்படையாக ஒத்துக்கொண்டிருந்தால்தான் விலக்கு. ஆகவே வருகைக் கட்டணம், வேலைக் கட்டணம், இரவுக் கட்டணம், புதுப் பூட்டின் விலை எல்லாவற்றையும் முன்கூட்டியே குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். அது வாடிக்கையாளரைக் காக்கும். சச்சரவு வந்தால் உங்களையும் காக்கும்.

இவை ஆறும் சேர்ந்தால், அரசாங்கம் கொடுக்காத உரிமத்தை நீங்களே சம்பாதித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கைவேலையை அனுபவம் உள்ள ஒருவரிடம் உதவியாளாக இருந்து கற்றுக்கொள்ளுங்கள். உடைக்காமல் திறப்பதற்குத்தான் நாளாகும். உடைப்பதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மாவுக்கும் நமக்கும்

இனி, கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் நாம் செய்ய வேண்டியது.

உள்ளே அடுப்பு எரிகிறது, குழந்தை தனியாக மாட்டிக்கொண்டது, முதியவர் விழுந்து கிடக்கிறார் என்றால் பூட்டுக்காரரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 995ஐ அழையுங்கள். குடிமைத் தற்காப்புப் படைக்குக் கதவு பொருட்டல்ல.

மின்னிலக்கப் பூட்டு உயிரில்லாமல் கிடந்தால் உடனே பதற வேண்டாம். பல பூட்டுகளில் வெளிப்புறம், கீழ்ப்பகுதியில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் இருக்கும். கடையில் கிடைக்கும் 9 வோல்ட் சதுர பேட்டரியை அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டு கடவு எண்ணைப் போட்டால் திறந்துவிடும். சில வெள்ளியில் முடிகிற வேலை. பூட்டோடு வந்த மாற்றுச் சாவியைப் பலர் வீட்டுக்குள் அலமாரியிலேயே வைத்திருக்கிறார்கள். அதை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.

பூட்டுக்காரரை அழைக்கத்தான் வேண்டும் என்றால், கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போன அட்டையில் உள்ள எண் கடைசி வழியாக இருக்கட்டும். பெயரும் கடையும் உள்ளவரைத் தேடுங்கள். மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வந்தவர் பூட்டை நிதானமாகப் பார்க்காமலே துளைக்கும் கருவியை எடுத்தால், ஏன் என்று கேளுங்கள். சாதாரண வீட்டுப் பூட்டுகளில் பலவற்றைத் தேர்ந்த கை உடைக்காமலே திறந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வருகைக் கட்டணம் ஒப்புக்கொண்டிருந்தால் அதை மட்டும் கொடுத்து அனுப்புங்கள். ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அதிகம் வாங்கிவிட்டார் என்று தோன்றினால் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, அங்கே அவர்களுக்கு அனுமதியும் இல்லை. அந்த ரசீதும் குறுஞ்செய்தியும் அப்போதுதான் பேசும்.

சாவி விஷயத்திலும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பணிப்பெண், வாடகைதாரர், பழுதுபார்க்க வந்தவர் என்று பல கைகளுக்குச் சாவி போய்வரும் வீடாக இருந்தால், பாதுகாப்பு அட்டையோடு வரும் பூட்டுகளைப் பற்றி விசாரியுங்கள். அந்த அட்டையைக் காட்டினால்தான் சாவிக்கு நகல் எடுத்துத் தருவார்கள். சாதாரண சாவிக்குச் சில நிமிடங்களில் இன்னொரு பிள்ளை பிறந்துவிடும்.

கடைசியாக, பூட்டுக்காரர் உங்கள் அட்டையைக் கேட்டால் கோபப்படாதீர்கள். “என் வீட்டுக்கு நானே ஆதாரம் காட்ட வேண்டுமா?” என்று கேட்கத் தோன்றும். இன்றைக்கு உங்களிடம் கேட்கிறவர்தான் நாளைக்கு நீங்கள் ஊரில் இல்லாதபோது, உங்கள் வாசலில் வந்து நிற்கும் வேறொருவரிடமும் கேட்பார். கேட்காமல் திறப்பவர் எல்லாருக்கும் அப்படித்தான் திறப்பார்.

சனிக்கிழமை காலை சந்தைக்குப் போகும்போது, உங்கள் வட்டாரச் சாவிக் கடையில் ஒரு நிமிடம் நின்று பேசிப் பாருங்கள். வேலைக்கு வந்தால் என்ன ஆதாரம் கேட்பார், எவ்வளவு வாங்குவார் என்று விசாரியுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் அவர் எண்ணைக் கைப்பேசியில் சேர்த்துவையுங்கள். இரவு 11 மணிக்குக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு தேடும்போது கிடைக்கிற எண்ணைவிட, பகல் வெளிச்சத்தில் முகம் பார்த்து வாங்கிய எண் நல்லது.